நாற்பத்திரண்டு சுற்று

எங்கள் ஊரில் அவரைச் சாவிக்காரர் என்பார்கள். பூட்டுக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. குடிநீர் நிலையத்தில் வால்வு திறந்து மூடுவது அவர் வேலை. தெருவுக்கு அடியில், குழிக்குள் இருக்கும் வால்வைத் திருப்ப ஐந்தடி நீளத்தில் ஓர் இரும்புச் சாவி உண்டு. மேலே இரண்டு கைக்கும் பிடி, கீழே சதுரமான குழிவு. எடை பதினொரு கிலோ நானூறு கிராம். நிலையத்துத் தராசில் நானே நிறுத்திருக்கிறேன். அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு முப்பத்தெட்டு ஆண்டுகள் ஊரைச் சுற்றினார். இடது தோள் வலது தோளைவிட ஒரு விரல்கடை தாழ்ந்துபோனது.

நான் அதே நிலையத்தில் பதிவு எழுத்தர். மேட்டில் இருக்கும் தொட்டியின் நீர்மட்டம் மணிக்கொரு முறை. எந்த வால்வை, யார், எத்தனை மணிக்கு, எத்தனை சுற்று திருப்பினார் என்பது அவ்வப்போது. இதை எழுதுவதுதான் என் உத்தியோகம். சாவிக்காரர் வந்து சொல்வார், நான் எழுதுவேன். நாங்கள் பேசிக்கொண்டதில் முக்கால்வாசி எண்கள்தான்.

போர் பதினோரு நாள் நடந்தது. இன்றைக்கு முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எதற்காக என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லைக்கோடு முன்பு இருந்த இடத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு அரைப் பக்கம். அதிலும் பாதி படம்.

ஏழாம் நாள் காலை 9.40க்கு ஆற்றுப் பாலத்தின் மேல் குண்டு விழுந்தது. பாலத்தோடு சேர்த்துக் கட்டியிருந்த பெரிய குழாய் முறிந்தது. பத்து மணிக்கு இன்ஜினியர் எங்கள் அறைக்குள் ஓடிவந்தார்.

"ஒன்பதாம் நம்பரை மூடுங்க. இல்லைன்னா தொட்டித் தண்ணி பூரா ஆத்துக்குப் போயிடும். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குச் சொட்டு மிஞ்சாது."

"ஒன்பதை மூடினா வடக்குத் தெருவுக்கும் நின்னுடுமே சார்," என்றார் சாவிக்காரர்.

"ஒரு நாளைக்குத் தெரு தாங்கும். ஆஸ்பத்திரி தாங்காது."

வடக்குத் தெருவில், கீழ்முனையிலிருந்து பதினோராவது வீட்டில், சாவிக்காரரின் அக்கா இருந்தார். அக்காள் கணவர் புத்தகம் பைண்டிங் செய்பவர். சாவிக்காரர் ஒரு கணம் நின்றார், பிறகு சாவியைத் தூக்கிக்கொண்டு போனார். அரை மணி கழித்து வியர்வையோடு திரும்பி வந்தார். "ஒன்பது. மூடியாச்சு. நாப்பத்திரண்டு சுத்து. பத்து இருபது," என்றார். எழுதினேன்.

11.05க்கு வடக்குத் தெரு மரக்கிடங்கில் இரண்டாவது குண்டு விழுந்தது. தீயணைப்பு வண்டி வந்து தெருக் குழாயில் மாட்டித் திறந்தபோது காற்றுதான் சீறியது. ஐந்து பேர் போனார்கள். அவர்களில் அக்காள் கணவரும் ஒருவர். வீட்டுக்கு வெளியே வந்துவிட்ட மனிதர், பைண்டிங்குக்கு வந்த பள்ளிக்கூட நோட்டுகளை எடுக்க மறுபடி உள்ளே போனார். கூரை இறங்கிவிட்டது.

வால்வை மூடியது யார் என்பது நாலு நாளில் ஊருக்குத் தெரிந்துவிட்டது. வடக்குத் தெருவில் அவர் தலை தெரிந்தால், "சாவி வருது, தண்ணியைப் பூட்டி வெச்சுக்குங்க," என்று டீக்கடையிலிருந்து குரல் வரும். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் அக்கா மட்டும் அவரை ஒதுக்கவில்லை. துக்க வீட்டுக்குப் போனபோது அவர் அக்காவின் தோளில் சாய்ந்து அழுதார். ஓர் ஆண்டு வரை எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் ஒருநாள் அக்கா கதவைத் திறக்கவில்லை. ஏன் என்று சொல்லவும் இல்லை. மகள் பிறந்த செய்தி சொல்லப் போனார், திறக்கவில்லை. மகளின் கல்யாணப் பத்திரிகையோடு போனார். மாடி ஜன்னல் சாத்திக்கொண்டது. தெருக்காரர்கள் மனதைக் கலைத்துவிட்டார்கள் என்று அவர் முடிவு செய்துகொண்டார்.

"கரைப்பார் கரைச்சா கல்லும் கரையும் சார்," என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் அவருக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்: பதினோராவது வீட்டுக் கதவு.

போருக்குப் பிறகு குழாய் வேறு வழியாகப் போடப்பட்டது. பழைய ஒன்பதாம் குழியை மண் கொட்டி மூடித் தார் போட்டார்கள். வடக்குத் தெருவுக்குத் தெருவின் கீழ்முனையில் புது வால்வு. தினமும் காலை ஆறு முதல் ஏழு வரை தண்ணீர். திறப்பது சாவிக்காரர். முதல் வாரமே கவனித்தேன். ஏழு மணிக்கு மூட வேண்டியதை ஏழு பத்துக்கு மூடியதாகச் சொன்னார்.

"பத்து நிமிஷம் கூடுதே," என்றேன்.

"என் வாட்ச் அப்படித்தான் சார் ஓடுது."

"மத்த தெருவுக்கெல்லாம் ஒழுங்கா ஓடுதே?"

"அது மேட்டுத் தெரு சார். வாட்ச் மூச்சு வாங்கும்."

7.10 என்றே எழுதினேன். நடந்ததைத்தானே எழுத வேண்டும். பிறகு நான் ஓய்வு பெறும்வரை, அவர் மூடிய நாளெல்லாம் அது 7.10தான்.

அவர் வீட்டில் வேறொரு வழக்கம் வந்துவிட்டது. எந்தக் குழாயையும் அவர் முழுக்க மூடமாட்டார். கை அந்தக் கடைசிக் கால் சுற்றுக்குப் போகாது. சமையலறையில் ஒரு சொட்டு, முற்றத்தில் ஒரு சொட்டு. அவர் மனைவி வாளி வைத்துக் களைத்துப்போனார்.

"ஊருக்கே தண்ணி அளந்து விடற மனுஷன். வீடு பூரா மூக்கு ஒழுகற குழந்தை மாதிரி ஒழுகுது," என்பார் என்னிடம். "வாஷர் மாத்தச் சொன்னா, வாஷர் நல்லாத்தான் இருக்காம். அப்ப எது நல்லா இல்லைன்னு கேட்டா பதில் வராது."

அவர் ஓய்வு பெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. இப்போது வடக்குத் தெருவில் வால்வைத் திருப்ப ஆள் கிடையாது. பெட்டிக்குள் ஒரு மோட்டார், அலுவலகத்தில் ஒரு பொத்தான்.

இந்த ஆண்டு பிப்ரவரியில் புதுக் குழாய் பதிக்க, பழைய ஒன்பதாம் குழி இருந்த சாலையைத் தோண்டினார்கள். பழைய வரைபடம் புரியவில்லை என்று ஃபிட்டர் எனக்குப் போன் செய்தார். எனக்கு எழுபத்து நான்கு வயது. தனியாகக் குழிப்பக்கம் போவதில்லை. சாவிக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வருவதற்கு யோசித்தார். வடக்குத் தெருவுக்குள் இல்லை, அந்தத் தெரு பிரியும் இடத்தில்தான் என்றதும் வந்தார்.

பன்னிரண்டாம் தேதி, காலை பத்தரை மணி. குழிக்குள் நின்ற ஃபிட்டர் எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"பெரியவங்களே, இந்த ஒன்பதாம் நம்பர் மூடியிருக்குன்னு படத்துல போட்டிருக்கு. யார் போட்டது?"

"நான்தான்," என்றேன்.

"மூடினது யாரு?"

சாவிக்காரர் வகுப்பில் கை தூக்குவதுபோல் கையைத் தூக்கினார்.

"அப்ப ரெண்டு பேரும் குனிஞ்சு பாருங்க. இது மூடவே இல்லை."

ஃபிட்டர் வால்வின் மேல்மூடியைக் கழற்றி வைத்திருந்தார். உள்ளே தண்ணீரைத் தடுக்கும் இரும்புக் கதவு மேலேயே நின்றது. மூன்று விரல்கடை இறங்கியிருந்தது, அவ்வளவுதான். சாவி மாட்டும் தண்டு கதவுக்கு மேலே இரண்டாக முறிந்திருந்தது. முறிந்த வாயெல்லாம் தடித்த துரு.

"பழைய முறிவு. நேத்து இன்னிக்கு ஒடிஞ்சதில்லை," என்றார் ஃபிட்டர். "மேல் துண்டை எத்தனை சுத்து வேணும்னாலும் சுத்தலாம். கதவு அசையாது. ராட்டினம் மாதிரி."

சாவிக்காரர் குழியோரம் உட்கார்ந்துவிட்டார். கண்ணைக் குழியிலிருந்து எடுக்காமலே பேசினார்.

"ஆறாவது சுத்துல 'டக்'னு ஒரு சத்தம் கேட்டுச்சு சார். அப்புறம் கைக்கு லேசாயிடுச்சு. மேல விமானம் சுத்துது. யாரோ புண்ணியவான் கிரீஸ் போட்டு வெச்சிருக்கான்னு நெனச்சு வேகமாச் சுத்தினேன்."

"கடைசியில இறுகியிருக்குமே?"

"இறுகலை. நாப்பத்திரண்டு வந்துச்சு, நிறுத்திட்டேன். எண்ணிக்கையைப் பாரு, கையை நம்பாதேன்னு நீங்கதானே சொல்வீங்க."

சொல்வேன். போருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒருவர் இறுகட்டும் என்று முறுக்கி ஒரு தண்டை ஒடித்துவிட்டார். அதற்குப் பிறகு கை சொல்வதைக் கேட்க வேண்டாம், எண்ணிக்கை போதும் என்று விதி எழுதி ஒட்டியது நான்தான். அதுபோன்ற ஒரு முறுக்கலில் இந்தத் தண்டும் முன்பே விரிசல் கண்டிருந்ததா என்பதை இனி யாரும் சொல்ல முடியாது.

அங்கிருந்து என் வீட்டுக்குப் போனோம். பழைய பதிவேடுகளை எடைக்குப் போடும்போது நான் எழுத்து மூலம் அனுமதி வாங்கிப் பதினான்கை எடுத்து வந்திருந்தேன். அனுமதிக் கடிதமும் உள்ளே இருக்கிறது. அந்த ஆண்டின் பதிவேட்டைப் பிரித்தேன். ஏழாம் நாள். தொட்டி நீர்மட்டம்: ஒன்பது மணிக்குப் பதினான்கு அடி. பத்துக்குப் பதின்மூன்று. பதினொன்றுக்குப் பதினொன்று. பன்னிரண்டுக்கு ஒன்பது. ஒரு மணிக்கு ஏழு.

பத்து இருபதுக்கு வால்வு மூடியிருந்தால் அதன் பிறகு மட்டம் இறங்குவது குறைந்திருக்க வேண்டும். குறையவே இல்லை. மாலை நான்கு மணிக்கு ஓர் அடி. ஆறுக்குச் சேறு. பயத்தில் எல்லா வீட்டிலும் குடம் குடமாகப் பிடித்துவிட்டார்கள் என்று இன்ஜினியர் அன்று சொன்னார். பாலத்துப் பக்கம் ராணுவம் யாரையும் விடவில்லை; ஆற்றில் என்ன கொட்டியது என்று பார்க்க ஆளில்லை. நாங்களும் நம்பிவிட்டோம். மணிக்கு மணி என் கையால் எழுதியிருக்கிறேன். ஆனால் ஓர் எண்ணை அடுத்த எண்ணோடு சேர்த்து ஒரு நாளும் நான் படித்ததில்லை.

"நீங்க மூடலை," என்றேன். "மூடாமலேயே தெருக் குழாய் காஞ்சிருக்கு. பள்ளத்துல அவ்வளவு பெரிய ஓட்டை இருக்கும்போது தண்ணி மேட்டுக்கு எங்க ஏறும்? நீங்க வீட்டுலயே படுத்துத் தூங்கியிருந்தாலும் அன்னிக்கு அந்த வண்டிக்குக் காத்துதான் வந்திருக்கும்."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வரும் என்று எதிர்பார்த்தேன். அவர் விரலைக் கடைசி வரியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப ஆஸ்பத்திரி?"

போர் முடியும்வரை ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் போகவில்லை. மாடி வார்டுகளுக்கு வாளியில் சுமந்தார்கள். அதில் என்ன நடந்தது, யாருக்கு என்ன ஆனது என்பதற்கு என்னிடம் பதிவில்லை.

"தெருவைக் காயப் போட்டாவது ஆஸ்பத்திரிக்கு விட்டோம்னு ஒரு பிடிமானம் இருந்துச்சு சார்," என்றார். "இப்ப அதுவும் இல்லை. இந்தத் தோள்லேர்ந்து எடுத்து அந்தத் தோள்ல வெச்ச மாதிரி இருக்கு."

நான் சிவப்புப் பேனாவை எடுத்தேன். தவறான பதிவை அழிக்கக் கூடாது. சிவப்பில் கோடிட்டு, மேலே சரியானதை எழுதித் தேதியும் கையெழுத்தும் போட வேண்டும். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுத்தினது நெசம்தானே. இருக்கட்டும்."

"இதை உங்க அக்காவுக்குக் காட்டணும்."

"எதுக்கு?"

"அந்தக் கதவு இதனாலதானே சாத்தியிருக்கு?"

அவருக்குப் போக ஆசை; போகப் பயம். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் முற்றத்து வாளியைக் கொட்டிவிட்டு வந்து, "போயிட்டு வாங்க. திறக்கலைன்னா திரும்பி வாங்க. அது நமக்கு ஒண்ணும் புதுசில்லையே," என்றார். பிறகு அவருக்குச் சட்டையை மாற்றிக் கொடுத்தார்.

எனக்கு அந்த வீடு புதிதல்ல என்பதையும் இங்கே எழுத வேண்டும். கணவர் போன பிறகு அக்காதான் பைண்டிங் வேலையைத் தொடர்ந்தார். ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் பன்னிரண்டு மாதத் தாள்களை அவரிடம்தான் கொடுப்பேன். ஒரே பதிவேடாகத் தைத்துத் தருவார். ஒருமுறை, "உங்க தம்பி நல்லா இருக்கார்," என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "அட்டைக்கு என்ன கலர் போடட்டும்?" என்று கேட்டார்.

பதினோராவது வீட்டுக்குப் போனபோது மணி மூன்று இருபது. கடை நேரம் என்பதால் கதவு திறந்தே இருந்தது. அக்காவுக்கு எழுபத்தொரு வயது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய்ப் பதிவேட்டை மேசைமேல் வைத்தேன். சாவிக்காரர் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார்.

அக்கா தலை நிமிரவில்லை. "அவனை உள்ள வரச் சொல்லுங்க, இல்லை போகச் சொல்லுங்க. வாசல்ல நின்னு வெளிச்சத்தை மறைக்கிறான்."

அவர் உள்ளே வந்தார்.

"அக்கா, அந்த வால்வு மூடலைக்கா. இன்னிக்குத் தோண்டினாங்க. தண்டு முறிஞ்சு கெடந்துருக்கு. என் கையில வெறும் தண்டுதான் சுத்தியிருக்கு."

நான் நீர்மட்டக் கணக்கை விளக்கினேன். அக்கா முழுவதும் கேட்டார். நூலைக் கோத்து முடித்து ஊசியை மேசைத் துணியில் குத்தினார்.

"நீ சுத்தினியா?"

"சுத்தினேன்."

"நாப்பத்திரண்டும்?"

"நாப்பத்திரண்டும்."

"நாங்க இந்தத் தெருவுல இருக்கோம்னு தெரிஞ்சா?"

"தெரிஞ்சுதான்கா."

இதற்கு மேல் அவர் எதையும் சேர்க்கவில்லை. ஆஸ்பத்திரியைச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்ளலாம், அதையும் சொல்லவில்லை.

"அப்புறம் தண்டு முறிஞ்சா என்ன, முறியலைன்னா என்ன?" என்றார் அக்கா. குரலில் கோபம் இல்லை. நாள் முழுக்கத் துணி துவைத்த களைப்பு மாதிரி ஒன்று இருந்தது. "உத்தரவு போட்டாங்க, சுத்தினே. அதுக்காடா நான் கதவைச் சாத்தினேன்? தெருவுல ஆயிரம் பேசினாங்க. என் தம்பி மூடியிருந்தா என்கிட்ட சொல்லியிருப்பான்னு எல்லாரோடயும் சண்டை போட்டேன். என் தோள்ல சாஞ்சு அழுதியே, அப்ப சொன்னியா? ஒரு வருஷம் வந்து வந்து போனியே, சொன்னியா?"

சாவிக்காரர் தரையைப் பார்த்தார்.

"வருஷக் கடைசியில இவர் தாளைக் கொண்டுவந்து கொடுத்தார்," என்று அக்கா என்னைக் காட்டினார். "தைக்கும்போது அந்தப் பக்கம் வந்துச்சு. ஒன்பது, நாப்பத்திரண்டு சுத்து, பத்து இருபது, உன் பேரு. இவர் எழுத்து முத்து முத்தா இருக்குமே. ஊர் சொன்னதை நம்பலை. இவர் எழுதினதை நம்பினேன்."

அந்தத் தாளை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ரசீது வாங்கி வந்தவன் நான். அப்போது ஒன்றும் தோன்றவில்லை. சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"சொல்லப் பயம்கா," என்றார் சாவிக்காரர். "சொன்னா நீயும் இருக்கமாட்டேன்னு."

"சொல்லாம மட்டும் இருந்தேனா?"

பின்கட்டில் குழாய் சொட்டும் சத்தம் கேட்கவில்லை என்பதைக் கவனித்தேன். சாவிக்காரர் வீட்டுக்குப் போய்ப் பழகிய காதுக்கு அது ஒரு குறையாகப் பட்டது. சாவிக்காரர், "வரேன்கா," என்று திரும்பினார். நிலைப்படி வரை போய்விட்டார்.

அக்கா பதிவேட்டைத் தன் பக்கம் இழுத்தார். முதுகுத் தையலைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இதுக்கப்புறம் ஆறாவது வருஷம்," என்றார், பதிவேட்டிடம் சொல்வதுபோல. "மார்ச் மாசம். ஒன்பது நாள் உன் பேர் இல்லை. வேற எவனோ திறந்திருக்கான். டாண்ணு ஏழு மணிக்கு மூடியிருக்கான், ஏழு பத்து இல்லை. என்னடா ஆச்சு உனக்கு?"

சாவிக்காரர் நின்றார். அவருக்கு நினைவுக்குக் கொண்டுவரச் சற்று நேரம் பிடித்தது.

"மஞ்சள் காமாலை."

"இவர்கிட்ட கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. கேக்கலை. பத்தாம் நாள் உன் பேர் திரும்ப வந்துச்சுதான். ஆனாலும் அடுத்த வருஷத் தாள் வந்தப்ப முதல்ல உன் பேரைத்தான் தேடினேன். இருந்துச்சு."

எல்லா ஆண்டும் படித்திருக்கிறார். நான் எழுதியதில் ஒரு வரிவிடாமல், அந்தத் தெருவில் யாருக்கும் தெரியாமல், ஆண்டுக்கொரு முறை.

"இப்ப சரியாயிடுச்சா?" என்று கேட்டார்.

"இருபத்தாறு வருஷம் ஆச்சுக்கா."

"அது எனக்குத் தெரியும். எண்ணத் தெரியாதா எனக்கு? காமாலை சும்மா போகாது, ஈரலைப் பிடிச்சுக்கும். பத்தியம் ஒழுங்கா இருந்தியா, இல்லையா? அதைச் சொல்லு."

சாவிக்காரர் வாசலிலிருந்து வந்து, அவருக்கு எதிரே இருந்த காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார். அந்த ஒன்பது நாளில் முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.